செவ்வாய் என் முறை

திங்கள் சந்தனமேரிக்கு.
செவ்வாய் எனக்கு.
புதனும் வியாழனும் திரீவீல் ஸ்டாண்டுப் பொடியன்கள்.
வெள்ளிக்கு ஆள் இல்லையென்றால்
கோயில் பூசாரி ஈர வேட்டியோடு வந்து நிற்பார்.

வெள்ளைச் சட்டைதான் பள்ளிக்கூட உடுப்பென்று
முடிவு செய்தவர்
காலை ஆறே முக்காலுக்கு
இந்த வளைவில் நின்று பார்த்ததில்லை.
மூட்டம் இறங்கினால்
முப்பத்தேழு பிள்ளைகளும்
கறுத்த சப்பாத்துகளாக மட்டும்
நடந்து வருவார்கள்.

மஞ்சள் கோடு ஒரு காலத்தில் இருந்தது.
லொறிச் சில்லுகள் தின்றுவிட்டன.
பிரதேச சபைக்கு எழுதினோம்.
ரோட்டு எங்களுடையதல்ல,
வீதி அபிவிருத்திக்கு எழுதுங்கள் என்றார்கள்.
அவர்கள் தோட்டத்தைக் கேட்கச் சொன்னார்கள்.
தேயிலைக்குத்தான் நான் பொறுப்பு என்றார் துரை.
கடிதங்கள் அங்குமிங்கும்
ரோட்டைக் கடந்தபடியே இருந்தன.
அவற்றை ஒரு வேனும் இடிக்கவில்லை.

நிதுர்ஷனைத்தான் இடித்தது.
மாசி மாதம்.
லீக்ஸ் லொறியை முந்திக்கொண்டு வந்த வேன்.
கால் எலும்பு இரண்டு இடத்தில்.
நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண் விழித்து
கொம்பாஸ் பெட்டி எங்கே என்று கேட்டான்.
அவனுடைய பாகைமானியில் பாதி
இன்னும் தாரில் ஒட்டிக் கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் கொடி.
இரண்டு சங்கமும் போட்டி போட்டுத் தந்தன.
சின்னங்களை வெட்டி எறிந்துவிட்டு
சிவப்பை மட்டும் சேர்த்துத் தைத்தோம்.
நடுவில் ஓட்டை.
அதன் வழியே
முதலில் சத்தம் வரும்,
பிறகு மங்கலாய் இரண்டு கண்,
கடைசியில்தான் பஸ்.

முதல் நாள் கை நடுங்கியது.
முப்பது வருடம் இந்த ரோட்டில்
ஓரமாய் நடந்தவள்.
ஒதுங்கத் தெரியும்.
நிறுத்தத் தெரியாது.
கண்டி பஸ் நின்றது.
எனக்காக ஒரு வண்டி நிற்பது
என் கல்யாணத்தன்றுகூட நடக்கவில்லை.
டிரைவர் தலையை வெளியே நீட்டி
"அக்கே, இக்மனட்ட" என்றான்.
"இரு" என்றேன், தமிழில்.
இருந்தான்.

நிற்காத வேன்களும் உண்டு.
அவற்றின் நம்பரைப் பொடியன்கள்
ஸ்டாண்டுச் சுவரில் கரியால் எழுதிவைக்கிறார்கள்.
பொலிஸ் வந்து வாசித்துவிட்டுப் போனது, அவ்வளவுதான்.
ஆனாலும் சுவரைக் கண்டதும்
சில வேன்கள் மெதுவாகின்றன.

இனி என் கணக்கு.
பிரட்டு ஆறரைக்கு.
ரோட்டில் நின்றுவிட்டு மலையேறினால் ஏழே முக்கால்.
பதினெட்டுக் கிலோ இல்லையென்றால் அரைப் பேர்.
செவ்வாய்க்கிழமை
பதினாலுக்கு மேல் எடுக்க மாட்டேன்.
அது என் விரல்களுக்கே தெரியும்.
தராசு பதினெட்டரை காட்டியது.
கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார்.
நான் பையைப் பார்த்தேன்.
மேலாகக் கிடந்தது
காம்பு நீளமாய்க் கிள்ளிய கொழுந்து.
நான் அப்படிக் கிள்ள மாட்டேன்.
அது யோகவதி கை.
அதற்குக் கீழே முத்தல் கலந்த ஒரு பிடி,
பாக்கியம், வேறு யார்.
நிரையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
திங்கட்கிழமைகளில்
சந்தனமேரியின் பைக்குள் நானும் போடுகிறேன்,
நல்ல கொழுந்தாய்ப் பார்த்து.

போன செவ்வாய்.
முப்பத்தைந்து, முப்பத்தாறு,
ஊன்றுகோலோடு, கடைசியாக,
யாரும் கை பிடிக்கக் கூடாது என்ற முகத்தோடு
நிதுர்ஷன், முப்பத்தேழு.
கொடியை இறக்கப் போனேன்.
இன்னொரு சோடிச் சப்பாத்து.

குனிந்து பார்த்தேன்.
கொலனிப் பக்கத்துப் பிள்ளை,
சிங்களப் பள்ளிக்கூடத்து டை,
முன்பல் இரண்டும் இல்லை.
பெயர் கேட்டேன். ஏதோ சொன்னது.
லொறி ஹோர்ன் அதை விழுங்கிவிட்டது.
கை கடுத்தது. கொடி மேலேயே இருந்தது.
"ஓடாதே" என்றேன்.
அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கியதோ,
நடந்தது.